எக்கோ இயல்பாக இருந்தால் போதுமா?

கேள்வி: வயது 42. நிணநீர்க் கட்டியில் திசு எடுத்துப் பார்த்து, நுரையீரல் சார்காய்டோசிஸ் என்று சொன்னார்கள். இரண்டு மாதமாகப் படபடப்பு. ஒருமுறை மயங்கி விழுந்தேன். எக்கோ இயல்பு. இதயத்திலும் இந்நோய் இருக்குமா?

பதில்: இருக்கலாம். எக்கோவை மட்டும் வைத்து இல்லையென்று சொல்ல முடியாது. சார்காய்டோசிஸ் என்பது அழற்சி அணுக்கள் உறுப்புகளில் சிறு கட்டிகளாகத் திரளும் நோய்; இதயத்தசையில் அது திட்டுத்திட்டாகப் படியும். கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரின் மேற்பகுதிதான் அது அடிக்கடி பிடிக்கும் இடம்; கீழறைகளுக்கு மின்துடிப்பு இறங்கும் பாதையும் அங்கேதான் ஓடுகிறது. அதனால் இதயம் நன்றாகச் சுருங்கி விரியும்போதே அந்த மின்துடிப்பு தடைபடும் ஹார்ட் பிளாக் வந்துவிடலாம். அழற்சி ஆறிய இடத்தில் வடு விழும். அதைச் சுற்றி மின்னோட்டம் சுழன்றால் கீழறை தறிகெட்டுத் துடிக்கும், உயிருக்கே ஆபத்து. படபடப்போடு மயக்கமும் வந்திருப்பதால் அடுத்த ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் உடனே இதய மருத்துவரைப் பாருங்கள். மீண்டும் மயங்கினால் நேரே அவசரப் பிரிவு.

முதலில் இசிஜி, இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதியும் ஹோல்ட்டர், அடுத்து படத்தைத் துலக்கும் காடோலினியம் ஊசி போட்டு இதய எம்ஆர்ஐ. இது வடுவைக் காட்டும். பேஸ்மேக்கர் தேவைப்பட்டாலும், அவசரம் இல்லையென்றால் அதை வைப்பதற்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள். கருவி படத்தைக் கெடுக்கும்.

அழற்சி இப்போதும் கனல்கிறதா என்பதைச் சொல்வது எஃப்டிஜி பெட் ஸ்கேன். பலருக்கு இது வீணாவது சாப்பாட்டால்தான். ஊசியில் போவது சர்க்கரை போன்ற பொருள். அழற்சி அணுக்கள் அதை உறிஞ்சும். மாவுச்சத்து கிடைத்தால் நல்ல தசையும் உறிஞ்சி, இதயம் முழுக்க ஒளிரும். எது நோய் என்று பிரிக்கவே முடியாது. ஆகவே முந்தைய நாள் குறைந்தது இரண்டு வேளை சோறு, இட்லி, பழம், பால் எதுவும் கூடாது. மாவு தடவாமல் எண்ணெயில் பொரித்த முட்டை, மீன், கோழி சாப்பிட்டு, பிறகு 12 மணி நேரமாவது வெறும் வயிறு. சைவர்களுக்கு இந்த உணவுமுறைக்குப் பதில் 18 மணி நேரப் பட்டினி எளிது. ஒரு வாய் சர்க்கரை காபியும், இருமல் சிரப்பும்கூட கெடுக்கும். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் தாமாகப் பட்டினி கிடக்காமல் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சிகிச்சை பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, தினம் 30-40 மி.கி.யில் தொடங்கி, மாதக்கணக்கில் மெல்லக் குறையும். தாமாக நிறுத்தக் கூடாது. அதற்குமுன், திசுவில் காசநோய்க் கிருமி தேடப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டு நோயின் கட்டிகளும் ஒன்றுபோலத் தோன்றலாம். காசநோயில் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் பரவும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைச் சேர்த்தால் அது வாரம் ஒருநாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் விஷம். ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்குமென்று கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை நீங்களாக வாங்காதீர்கள்: இந்நோயிலேயே ரத்தக் கால்சியம் ஏறக்கூடும், பரிசோதித்த பிறகே எடுக்க வேண்டும்.

ஹார்ட் பிளாக்குக்குக் கருவி வைக்க நேர்ந்தால், வெறும் பேஸ்மேக்கரா, ஆபத்தான துடிப்பை அதிர்வு கொடுத்து நிறுத்தும் ஐசிடியா என்று கேளுங்கள். சார்காய்டோசிஸ் உள்ளவருக்குப் பெரும்பாலும் ஐசிடியே பொருத்தம்.