அரசர் பக்கம் நின்றவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கப் புரட்சி பற்றிய கட்டுரையில், பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருந்த குடியேறிகளை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது போதும் என்றே எனக்கும் படுகிறது. பதவியும் பண்ணையும் வைத்திருந்தவர்கள், சொத்து போய்விடுமே என்று ஜார்ஜ் மன்னரின் காலைப் பிடித்தார்கள், தோற்றதும் கப்பலேறினார்கள். இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

க.சே., திண்டுக்கல்

அன்புள்ள க.சே.,

நிறையவே இருக்கிறது. நீங்கள் சொல்லும் ரகமும் உண்டு. மாசசூசெட்ஸ் கவர்னர் தாமஸ் ஹட்சின்சன் பதவிகளைத் தனக்கும் சொந்தக்காரர்களுக்குமாகச் சேர்த்துக்கொண்டவர்தான். ஆனால் நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்குக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே பெரும் நிலவுடைமைக் குடும்பமான லிவிங்ஸ்டன்கள் புரட்சியின் பக்கம். அரசர் ஜெயித்தால் உழும் நிலம் நமக்குக் கிடைக்கும் என்று நம்பி, 1777இல் கலகத்தில் இறங்கியவர்கள் அவர்களுடைய குத்தகைக்காரர்கள்.

வட கரோலினாவில் குடியேறிய ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்களின் கதை இன்னும் விசித்திரம். 1746இல் கலோடன் போரில் அரசப்படையிடம் நசுங்கிய மக்கள் அவர்கள். அரியணைக்கு உரிமை கோரி அந்தப் போரில் தோற்றுத் தப்பியோடிய இளவரசர் சார்லஸைப் படகில் ஒளித்துக் காப்பாற்றிய ஃப்ளோரா மெக்டொனால்டும் அங்கேதான் வந்து சேர்ந்தார். 1776இல் ஃப்ளோராவின் கணவரும் மற்றவர்களும் தங்களை நசுக்கிய அதே அரச வம்சத்துக்காகப் போருக்குக் கிளம்பி, மூர்ஸ் கிரீக் பாலத்தில் தோற்றார்கள்.

கப்பலேறியவர்கள் சுமார் 60,000 பேர் இருக்கலாம். பெரும்பாலோர் போகவில்லை, வாயை மூடிக்கொண்டு புதிய குடியரசின் குடிமக்களாகிவிட்டார்கள்.

சரி, ஒரு வரியில் கடக்கவே முடியாதவர்களுக்கு வருகிறேன். புரட்சிக்காரர்களின் அடிமைகள் ஓடிவந்து தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர் அறிவித்தார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர், அவர்களை விடுவிக்கவில்லை. அரசரின் விசுவாசிகளிடம் இருந்த அடிமைகளுக்கும் இந்தச் சலுகை கிடையாது. எதிரியின் பண்ணையைக் காலி செய்யும் தந்திரம், அவ்வளவுதான். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் ஓடிவந்தார்கள். வந்தவர்களில் எக்கச்சக்கமானோர் பெரியம்மையில் செத்தார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்து ஓடியவர்களில் ஒருவர், ஆப்பிரிக்காவில் பிறந்த ஹாரி வாஷிங்டன். எஜமானரின் பெயர்தான் இவருக்கும். போர் முடிந்ததும் அந்த எஜமானர், ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தரும்படி பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டனிடம் கேட்டார். கொடுத்த வாக்கை மீற முடியாது என்று கார்ல்டன் மறுத்துவிட்டார். அந்த ஒரு விஷயத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 கறுப்பினத்தவரின் பெயர்கள் ஒரு பேரேட்டில் எழுதப்பட்டன. ஹாரியின் பெயரும் அதில் இருக்கிறது.

போய்ச் சேர்ந்த இடம் இன்றைய கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியா. அங்கே வாக்களித்த நிலம் பலருக்குக் கிடைக்கவே இல்லை, கிடைத்ததும் பாறை. இவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்று 1784இல் ஷெல்பர்ன் ஊரில் வெள்ளைச் சிப்பாய்கள் இவர்களுடைய வீடுகளை இடித்தார்கள். அந்தச் சிப்பாய்களும் அதே அரசருக்காகப் போரிட்டவர்கள்தான்.

1792இல் சுமார் 1,200 பேர் மறுபடி கப்பலேறி ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனார்கள். ஹாரியும் போனார். நிலவரி கிடையாது என்று சொல்லித்தான் அழைத்துப்போனார்கள். போனதும், அந்தக் குடியேற்றத்தை நடத்திய லண்டன் கம்பெனி நிலவரி கேட்டது. 1800இல் அவர்கள் கலகம் செய்தார்கள். அமெரிக்கப் புரட்சிக்காரர்களைப் போலவே, வரியை எதிர்த்து! கம்பெனி படையை ஏவி அடக்கியது. இருவருக்குத் தூக்கு. ஹாரி வாஷிங்டனை ராணுவ நீதிமன்றத்தில் விசாரித்து, அவர்கள் குடியேறிய ஃப்ரீடவுன் ஊரிலிருந்து வெளியேற்றினார்கள்.