முதலாண்டு சட்ட மாணவர் ரோமச் சட்டத்தையும் லத்தீன் சொற்களையும் எப்படிப் படிப்பது?

கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரிலிருந்து சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி. லத்தீன் சொற்கள் மனதில் நிற்கவில்லை, ரோமச் சட்டம் நமக்கு எதற்கு என்றே புரியவில்லை என்கிறார். நானும் மண்டபம் பக்கம்தான், வக்கீல் தொழிலில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லத்தீன் மொழியைப் படிக்க வேண்டாம். அந்தச் சொற்களைப் பட்டியல் போட்டு உருப்போடவும் வேண்டாம். நம் கோர்ட்டில் புழங்குகிற லத்தீன் எல்லாம் ரோமிலிருந்து வந்ததும் இல்லை. ஹேபியஸ் கார்ப்பஸ் (ஆட்கொணர்வு), மாண்டமஸ் (கடமையைச் செய்யச் சொல்வது), செர்ஷியோரரி (கீழ்க் கோர்ட்டின் உத்தரவை வரவழைத்து ரத்துசெய்வது) எல்லாம் இங்கிலாந்து மன்னரின் நீதிமன்றங்களில் பிறந்த ஆணைகள். நமக்கு அரசியலமைப்பின் 32, 226 பிரிவுகள் வழியாக இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு சொல்லையும் ஒரு சட்டப்பிரிவோடும் ஒரு தகராறோடும் சேர்த்துப் பிடியுங்கள். ரெஸ் ஜுடிகேட்டா (தீர்ப்பாகி முடிந்த விஷயம்) என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 11. வரப்புத் தகராறில் கோர்ட் விசாரித்து முடிவு சொன்ன பிறகு, அதே ஆட்கள் அதே வரப்புக்காக மறுபடி வழக்குப் போட முடியாது. கேவியட் எம்ப்டர் (வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும்) என்றால் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 16. இப்படிப் படித்தது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

ரோமச் சட்டம் வேறு விஷயம். அதை ஆசையாகவே படிக்கலாம். ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 533-ல் வெளியிட்ட 'இன்ஸ்டிட்யூட்ஸ்' என்ற நூல், சட்டம் படிக்க வரும் இளைஞர்களுக்காகவே எழுதப்பட்ட பாடநூல். அதற்குச் சட்டத்தின் வலுவும் உண்டு. அவர் காலத்திலும் சட்டப்படிப்பு ஐந்து வருடம்தான்! அதன் இரண்டாம் புத்தகத்தின் முதல் தலைப்பைத் திறந்தால், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை எல்லாம் இயற்கைச் சட்டப்படி எல்லோருக்கும் பொது என்று ஆரம்பிக்கிறது. கொஞ்சம் தள்ளி, யார் வேண்டுமானாலும் கரையில் குடிசை போட்டுத் தங்கலாம், வலை காயப்போடலாம் என்று வருகிறது. நம் ஊர்க் கரையில் வலை உலர்த்துகிறவர்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இந்த வரி புரிய விளக்கவுரை வேண்டுமா?

கரை எதுவரை? குளிர்காலத்தின் மிகப் பெரிய அலை ஏறும் இடம்வரை என்கிறது அந்த நூல். வாடைக்காற்றுக் காலத்தில் நம் வடகடல் எதுவரை ஏறும் என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டால் இடத்தைக் காட்டிவிடுவார்கள். அதே கேள்விக்குத்தான் இன்று நம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிவரும் பெரிய ஓதத்தில் நீர் தொடும் உயர் அலைக்கோட்டை வைத்துப் பதில் சொல்கின்றன.

அப்புறம் மீன். அந்த நூல்படி, கடலில் திரியும் மீன் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்தவருக்கே சொந்தம். கை நழுவிப் போய்விட்டால் மறுபடி யாருக்கும் சொந்தமில்லை. ரெஸ் நல்லியஸ் (யாருக்கும் சொந்தமில்லாத பொருள்), ஆக்குபேஷியோ (அதைக் கைப்பற்றிச் சொந்தமாக்குவது) என்று ஜூரிஸ்புருடன்ஸ் (சட்டவியல்) வகுப்பில் வருவது இவ்வளவுதான். கரையில் கிடக்கும் ரத்தினக் கல்லும் மணியும்கூடக் கண்டெடுத்தவருக்கே. சரி, சங்கு? பாக் விரிகுடாவில், நம் கரைக்கு எதிரே இருக்கும் சங்குப் படுகையிலிருந்து சங்கு எடுத்தது திருட்டாகுமா என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கே ஒரு வழக்குப் போயிருக்கிறது: அன்னக்குமரு பிள்ளை எதிர் முத்துப்பயல், ஐ.எல்.ஆர். (தீர்ப்புத் தொகுப்பு) 27 மெட்ராஸ் 551. உடைமைக்கும் கைவசத்துக்கும் வித்தியாசம் என்ன, கடலில் அரசின் அதிகாரம் எதுவரை என்பதெல்லாம் அதில் வருகிறது. கட்டாயம் தேடிப் படியுங்கள்.

ரோமச் சட்டம் செத்த சட்டம் என்று யாராவது சொன்னால், கமல்நாத் வழக்கைக் காட்டுங்கள். எம்.சி. மேத்தா எதிர் கமல்நாத், (1997) 1 எஸ்.சி.சி. 388. பியாஸ் நதியோரம் ஒரு ஓட்டலுக்காக நதியின் போக்கையே திருப்பிய விவகாரம். பொது அறக்கட்டளைக் கோட்பாடு (கடல், நதி போன்ற இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்பது) இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. அந்தக் கோட்பாட்டின் வரலாற்றைத் தீர்ப்பு ரோமிலிருந்தே சொல்லத் தொடங்குகிறது. நாளைக்கு நம் கரையில் வலை உலர்த்தும் இடத்தை யாராவது வேலி போட்டு மறித்தால், நீங்கள் எழுதும் மனுவில் இந்தத் தீர்ப்பு நிற்கும். எனக்கு ரோமச் சட்டத்தின் மேல் இவ்வளவு பற்று இருப்பதற்குக் காரணமே இதுதான்.

இன்னொன்று. எதிர்க்கரையான இலங்கையில் டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டம் (ரோமச் சட்டமும் டச்சு வழக்கமும் கலந்தது) இன்றும் பொதுச்சட்டமாக இருக்கிறது. நமக்கு வரலாற்றுப் பாடமாக இருப்பது அங்கே வக்கீல்களின் அன்றாட வேலை.

இன்ஸ்டிட்யூட்ஸின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுப் புத்தகத்துக்கும் இப்போதே போக வேண்டாம். நான் சொன்ன அந்த ஒரு தலைப்பை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பத்தியையும் உங்கள் தமிழில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். ஆங்கிலம் எங்காவது இடறினால் அந்தப் பத்தியை இங்கேயே போடுங்கள், சேர்ந்து படிக்கலாம்.