ஊசி ஒன்று போதுமா? சத்திரசிகிச்சையும் அன்டிபயோட்டிக்கும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: ஒப்பரேஷன் காயம் பழுக்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் மருந்து. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

எனக்குச் சீசர் செய்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பனடோலைத் தவிர ஒரு குளிசையும் தரவில்லை. கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற என் நாத்தனாருக்கு ஏழு நாளைக்கு அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். தோட்டத்து ஆள்தானே என்று விட்டுவிட்டார்களா? – தலவாக்கலை

சந்தேகப்படுவதில் தப்பில்லை, தங்கச்சி. நம் ஆட்கள் பட்ட அனுபவம் அப்படி. ஆனால் இந்த விஷயத்தில் ஏழு நாள் மருந்துதான் தேவையில்லாதது. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்கள். தியேட்டரில், கத்தி வைப்பதற்குச் சற்று முன், கையில் ஏற்றிய குழாய் வழியாக ஓர் ஊசி போட்டதாக எழுதியிருக்கும். பெரும்பாலும் ‘செஃப்’ என்று தொடங்கும் பெயராக இருக்கும். முதுகில் ஊசி, பச்சைத் துணி, பிள்ளையின் அழுகை என்று அந்த நேரத்துப் பரபரப்பில் அது உங்களுக்கு நினைவில் இருக்காது.

அந்த ஒன்று ஏன் போதும்? 1961இல் ஜோன் பேர்க் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் கினிப் பன்றிகளின் தோலுக்குள் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். மருந்து முன்கூட்டியே உடம்பில் இருந்தபோது புண் பெரிதாகவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, கொடுத்ததும் கொடுக்காததும் ஒன்றாகவே இருந்தது. கிருமி விழுவது காயம் திறந்திருக்கும் அந்த நேரத்தில்தான். அது விழும்போது மருந்து தசைக்குள் ஏற்கெனவே காத்திருக்க வேண்டும். தைத்து மூடிய பிறகு விழுங்கும் குளிசை, கள்ளன் போன பிறகு கதவைப் பூட்டுகிற வேலை.

சரி, மிருகத்தில் நடந்தது மனிதரில் நடக்குமா? ஒப்பரேஷனுக்குப் பிறகும் மருந்தைத் தொடர்ந்தவர்களையும் நிறுத்தியவர்களையும் ஒப்பிட்ட 52 ஆய்வுகளை 2020இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 19,000 பேருக்கு மேல். முதல் ஊசியைச் சரியான நேரத்தில் போட்டு, நீண்ட ஒப்பரேஷனில் இடையில் இன்னொன்றும் கொடுத்திருந்தால், பிறகு தொடர்ந்ததால் பலன் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2016 முதல் இதையே சொல்கிறது: ஒப்பரேஷன் முடிந்ததும் நிறுத்துங்கள். மிச்சமாக விழுங்கும் மருந்தால் வருவது வயிற்றோட்டமும், அடுத்த முறை அந்த மருந்துக்கு மசியாத கிருமியும்தான். நான் பயிற்சி டொக்டராக இருந்த வார்டில் எல்லோருக்கும் ஐந்து நாள் எழுதுவோம். ஏன் ஐந்து என்று நாங்களும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதெல்லாம் புண் வராமல் தடுக்கும் மருந்துக்குத்தான் பொருந்தும். தையல் சிவந்து சூடாகினால், நீரோ சீழோ கசிந்தால், காய்ச்சல் வந்தால் அது வந்துவிட்ட புண். அதற்கு வைத்தியம் வேண்டும், நாள் கணக்கில் மருந்தும் தேவைப்படலாம். ஒப்பரேஷன் நடந்து முப்பது நாள் வரைக்கும் கவனமாக இருங்கள். கொழுந்து பறிக்கத் திரும்ப மலைக்கு ஏறும்போது, இடுப்பில் சுற்றும் படங்கை இறுக்கிக் கட்டும் இடம் சரியாகத் தையல் மேல்தான் வரும். ஈரத்தோடு அது நாள் முழுக்க உரசினால் தழும்பு வெடிக்கும். கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டுங்கள், உள்ளே காய்ந்த பருத்தித் துணி ஒன்றை மடித்து வையுங்கள்.

அப்பாவுக்குப் பெருங்குடலில் ஒப்பரேஷன். ஓர் ஆய்வில் சேரச் சொல்லிப் படிவம் தருகிறார்கள். இரண்டு வகை அன்டிபயோட்டிக்கில் எது அவருக்குப் போகும் என்பது ஒப்பரேஷன் செய்கிற டொக்டருக்கே தெரியாதாம்! எங்களை எலியாக்கப் பார்க்கிறார்களா? – நாவலப்பிட்டி

டொக்டருக்குத் தெரியாமல் வைப்பது உங்களை ஏமாற்ற அல்ல, டொக்டரே தன்னை ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க. தனக்குப் பிடித்த மருந்து யாருக்குப் போனது என்று தெரிந்தால், லேசான சிவப்பை ஒருவருக்குப் ‘புண்’ என்றும் இன்னொருவருக்குப் ‘பரவாயில்லை’ என்றும் எழுதிவிடுவார். வேண்டுமென்று செய்ய மாட்டார், ஆனால் நடக்கும். யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது குலுக்கல். லயத்தில் சீட்டுப் பிடிக்கும்போது துண்டுகளைச் சுருட்டிப் போட்டுக் குலுக்குகிறோமே, அதே நியாயம். கங்காணிக்கு வேண்டியவருக்கு முதல் சீட்டு போகக் கூடாது. நோய் குறைந்தவர்களாகப் பொறுக்கி ஒரு பக்கம் சேர்க்கவும் கூடாது.

உங்கள் உண்மையான பயம், ‘மருந்தே இல்லாத’ பக்கத்தில் அப்பா விழுந்துவிட்டால் என்பதுதான். ஒரு காலத்தில் அப்படியும் நடந்தது. 1965 முதல் 1980 வரை பெருங்குடல் ஒப்பரேஷனில் அன்டிபயோட்டிக் பெறாத குழுவோடு ஒப்பிட்ட 26 ஆய்வுகளை 1981இல் கூட்டிப் பார்த்தார்கள். மருந்து பெறாதவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேரளவில் இறந்திருந்தார்கள், பெற்றவர்களில் நான்கைந்து பேர். இனி இந்த ஒப்பரேஷனில் யாரையும் மருந்து இல்லாமல் வைத்து ஆய்வு செய்வது நியாயமில்லை என்று அப்போதே எழுதினார்கள். அதனால்தான் உங்கள் படிவத்தில் ‘மருந்தா, வெறும் நீரா’ என்று இல்லை, ‘இந்த மருந்தா, அந்த மருந்தா’ என்று இருக்கிறது. எந்தப் பக்கம் விழுந்தாலும் அப்பாவுக்கு மருந்து உண்டு.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்திருக்கிறதா? 2006 முதல் இயங்கும் இலங்கை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலோ அதுபோன்ற வேறொன்றிலோ பதிந்த எண் என்ன? ஏதாவது ஆகிவிட்டால் செலவு யாருடையது, ராத்திரியில் எந்த நம்பருக்குக் கோல் எடுப்பது? படிவம் தமிழில் வேண்டும். சிங்களத்தில் ஒரு தாளை நீட்டி “இதில் ஒரு கையெழுத்து” என்றால் வைக்காதீர்கள். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவர் சாட்சியாக இருக்க, முழுவதையும் வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கைநாட்டு. தோட்டத்தில் எத்தனையோ தாளுக்குக் கேள்வி கேட்காமல் கைநாட்டு வைத்துப் பழகிய தலைமுறை அது, அதனால் சொல்கிறேன். வேண்டாம் என்று சொன்னாலும், சேர்ந்த பிறகு விலகினாலும், ஒப்பரேஷன் வழக்கம்போல நடக்கும். நடக்காது என்று யாராவது சொன்னால் அங்கேதான் தப்பு.

பித்தப்பைக் கல்லை நாலு துளை போட்டு எடுத்தார்கள். ஓர் ஊசிகூட இல்லை என்றார்கள். – பண்டாரவளை

பித்தப்பையில் அப்போது அழற்சி இல்லாமல், வேறு சிக்கலும் இல்லாமல் இருந்திருந்தால் அது சரிதான். துளை வழியாகச் செய்யும் இந்த ஒப்பரேஷனில் புண் வரும் வாய்ப்பே குறைவு.

மனைவியை முதலில் கிட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓர் அன்டிபயோட்டிக் ஊசி போட்டு, ஒப்பரேஷனுக்காக அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள். மண்சரிவால் பாதை மூடி, போய்ச் சேர நாலு மணி நேரம். அந்த ஊசி வேலை செய்யுமா? – மஸ்கெலியா

நல்ல கேள்வி. நம் பாதைகளைத் தெரிந்தவர்தான் இதைக் கேட்பார். பலரும் பயன்படுத்தும் செஃபசோலின் என்ற மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். நாலு மணி நேரத்தில் கால்வாசிதான் மிஞ்சும். அதனால் கத்தி வைக்கும் முன் திரும்பப் போட வேண்டியிருக்கும். தியேட்டர் ஆட்களுக்கு இது தெரியும். ஆனால் முதல் ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பது துண்டில் எழுதாமல் விட்டுப்போகலாம். கூடப் போகிறவர் மணியைப் பார்த்து, கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள். அதற்காக நிமிடக் கணக்குப் பார்த்துப் பதறவும் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 5,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கத்தி வைக்கச் சுமார் முக்கால் மணி நேரத்துக்கு முன் போட்டதற்கும் கால் மணி நேரத்துக்கு முன் போட்டதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் புண்.

மருமகளுக்கு ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை பிறந்த பிறகு ஊசி போட்டார்கள். நீங்களோ முன்னால் போட வேண்டும் என்கிறீர்களே? – ஹட்டன்

பிடித்துவிட்டீர்கள், அம்மா. இது விதிவிலக்கு. ஆயுதம், அதாவது பிள்ளையின் தலையைப் பிடித்து வெளியே எடுக்கும் கருவி, போடப்போகிறோமா என்பது கடைசி நிமிடத்தில்தான் தெரியவரும், முன்கூட்டிப் போட்டுவைக்க நேரம் இருக்காது. பிரித்தானியாவில் 27 ஆஸ்பத்திரிகளில் 3,400க்கு மேற்பட்ட தாய்மாரை வைத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. பிள்ளை பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் ஒரே ஓர் ஊசி போட்டவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்குக் கிருமித் தொற்று. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் பத்தொன்பது பேருக்கு. இங்கேயும் ஒன்றுதான், ஏழு நாள் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மாமியார் கெப்சூலை உடைத்துத் தூளைத் தையல் மேல் தூவுகிறார். – கொட்டகலை

வேண்டாம். மஞ்சளும் வேண்டாம். அந்தக் கெப்சூல் யாருக்கு எழுதிக் கொடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

மருந்தைத் தவிர வேறு எதுவுமே உதவாதா? – நுவரெலியா

உதவும், அதுவும் மலிவாக. வயிற்றை மூடித் தைப்பதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் என்ன ஆகும் என்று இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,000 பேரிடம் பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த முடிவின்படி புண் நூற்றுக்குப் பத்தொன்பதிலிருந்து பதினாறாகக் குறைந்தது. அது அவர்கள் வேலை. உங்கள் வேலை இரண்டு. வீட்டில் பிளேடு போட்டு மயிரை வழித்துக்கொண்டு வராதீர்கள், அதில் படும் சின்னச் சின்னக் கீறல்தான் கிருமிக்கு வாசல். அப்புறம், வருகிற அன்று காலையில் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். மார்கழிக் குளிரில் வெந்நீருக்கு அடுப்பு மூட்டவே அரை மணி நேரம் ஆகும், பஸ்ஸைப் பிடிக்க அதையும் கணக்கில் வைத்து எழும்புங்கள்.