சானிடைசர் அடிக்கடி போட்டால் தோலில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துவிடுமா?

சாகும், ஆனால் திரும்பி வந்துவிடும். உங்கள் அம்மாவின் கை வெடிப்பதற்கு அது காரணம் இல்லை.

தேக்கா சந்தைக்குப் போய் வந்தாலும் எம்ஆர்டி ரயிலை விட்டு இறங்கினாலும் அம்மா உடனே சானிடைசர் போடுகிறார், “நல்ல கிருமியெல்லாம் போச்சு, அதான் கை இப்படி” என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதி. ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை கையில் சானிடைசர் தேய்ப்போம் என்பதற்குக் கணக்கே கிடையாது. அதனால் இது எனக்கு ஏட்டுச் சுரைக்காய் இல்லை.

கையில் இருக்கும் பாக்டீரியாவில் இரண்டு வகை உண்டு என்று 1938-இல் பிலிப் பிரைஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பிரித்துச் சொன்னார். ஒன்று நிரந்தரக் குடி, இன்னொன்று வந்துபோகிற விருந்தாளி. கைப்பிடிக் கம்பியிலும் பச்சை இறைச்சியிலும் நோயாளியின் படுக்கையிலும் இருந்து ஒட்டிக்கொள்வது இரண்டாவது வகை. அது தோலின் மேலேயே இருப்பதால் ஆல்கஹாலிடம் சுலபமாக மாட்டிக்கொள்ளும். ஆல்கஹால் பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வைக் கிழித்து, உள்ளே இருக்கும் புரதங்களைச் சிதைத்துவிடும். இதற்குத் தண்ணீரும் வேண்டும்; சுத்த ஆல்கஹாலைவிட 60 முதல் 80 சதவீதம் வரை உள்ளதுதான் நன்றாக வேலை செய்யும்.

நிரந்தரக் குடிகளில் முக்கியமானது ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். மேலே இருப்பவை சாகும். தோலின் அடுக்குகளுக்கு இடையிலும் மயிர்க்கால்களிலும் இருப்பவை தப்பித்து, சில மணி நேரத்தில் மறுபடி பெருகத் தொடங்கிவிடும். அவை இருப்பது நமக்கு நல்லதுதான். தோலின் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கித் தோலைப் புளிப்பாக வைத்திருக்கும், சில கெட்ட கிருமிகளையும் அண்டவிடாது. ஆனால் அவை தங்குவதற்குத் தோல் நன்றாக இருக்க வேண்டும். வெடித்த தோலில்தான் புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வந்து உட்காரும். அதனால் நான் பயப்படுவது வெடிப்புக்குத்தான்.

வெடிப்பு எங்கிருந்து வருகிறது? வேலைக்குப் புதிதாக வரும் தாதிகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். விரல் முட்டிகளில் மெல்லிய சிவப்புக் கோடுகள் விழுந்திருக்கும். சானிடைசர் பட்டதும் சுரீர் என்று எரியும், முகத்தைச் சுளிப்பார்கள். “எனக்கு இது ஒத்துக்கல அக்கா” என்று சோப்புக்கு மாறிவிடுவார்கள். அடுத்த வாரம் கை இன்னும் மோசமாகியிருக்கும். சோப்பு தோலின் எண்ணெயைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடும். ஆல்கஹால் அந்த எண்ணெயைக் கரைத்தாலும் எண்ணெயின் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடும். ஏற்கெனவே புண்ணான இடத்தில் ஆல்கஹால் எரிகிறது, பழி அதன்மேல் விழுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் சானிடைசர் கலவையில் 80 சதவீத எத்தனாலுடன் (ஒரு வகை ஆல்கஹால்) 1.45 சதவீத கிளிசரின் சேர்ப்பதே தோல் காயாமல் இருக்கத்தான்.

அம்மா சோப்புப் போட்டுக் கழுவி, கை காய்வதற்குள் சானிடைசரும் போடுகிறாரா என்று கவனியுங்கள். நம் வீடுகளில் இந்தப் பழக்கம் நிறைய உண்டு. ஈரத்தில் ஆல்கஹால் நீர்த்துப்போகும், தோலுக்கும் இரட்டை அடி. ஏதாவது ஒன்று போதும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு, மீன் கழுவிய கை, கழிவறை, கையால் சாப்பிடும் முன்: இதற்கெல்லாம் சோப்புதான். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸிடமும், சில பாக்டீரியாக்கள் கெட்டியான ஓட்டோடு உருவாக்கும் வித்துகளிடமும் ஆல்கஹாலை நம்ப முடியாது. மற்ற நேரத்தில் சானிடைசர் போதும். வெறுமனே எம்ஆர்டியில் உட்கார்ந்து வந்ததற்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு முறை போட்டால் சரி.

கிருமி ஆல்கஹாலுக்குப் பழகிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மெல்பர்ன் மருத்துவமனைகளில் எடுத்த என்டெரோகாக்கஸ் ஃபீசியம் என்ற குடல் பாக்டீரியாவின் மாதிரிகளில், 2010-க்குப் பிறகு எடுத்தவை பழையவற்றைவிட அதிகமாகத் தாக்குப்பிடித்ததாக 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. மாதிரிகளை ஒப்பிட்ட அந்தச் சோதனையில் பயன்படுத்தியது 23 சதவீத ஐசோபுரோபனால், அதுவும் ஒரு வகை ஆல்கஹால்தான். நல்ல சானிடைசரில் 60-க்கு மேல் இருக்கும். ஆகவே சொட்டுச் சொட்டாகச் சிக்கனம் பார்க்காமல், விரல் இடுக்கு, கட்டைவிரல், நுனி எல்லாம் 20 வினாடியாவது ஈரமாக இருக்கும்படி தேய்க்கச் சொல்லுங்கள்.

இரவு படுக்கும் முன் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தாராளமாகப் போடட்டும். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டுங்கள். சோப்பில் உள்ள ஏதாவது ஒன்று ஒவ்வாமல்கூட இருக்கலாம்.