'இனிஷியல் டி' டகுமி ஃபுஜிவாரா ஐஎஸ்டிபியா, ஐஎஸ்எஃப்பியா? அறிவாற்றல் செயல்பாடுகளை வைத்து எப்படி முடிவு செய்வது?

'இனிஷியல் டி' மலைச்சாலைக் கார் ரேஸ் பற்றிய ஜப்பானிய மாங்கா (காமிக்ஸ்), டகுமி அதன் நாயகன். ஐஎஸ்டிபி, ஐஎஸ்எஃப்பி இரண்டும் எம்பிடிஐ என்ற ஆளுமைப் பகுப்பில் வரும் 16 வகைகளில் சேர்ந்தவை. என் கணக்கில் டகுமி ஐஎஸ்டிபி. ஆனால் "கார் ஓட்டும்போது அவனுக்கு என்ன ரிஃப்ளெக்ஸ் பாருங்கள், அதனால் புறப் புலன்" என்று ஆரம்பித்து இந்த விடைக்கு வந்திருந்தால், விடை சரி, கணக்குத் தப்பு. அப்படிப் பார்த்தால் கதையில் ஸ்டீயரிங் பிடிக்கிற அத்தனை பேரும் புறப் புலன்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

முதலில் சொற்கள். எட்டுச் செயல்பாடுகளை இங்கே இப்படி எழுதுகிறேன்: சிந்தனை, உணர்ச்சி, புலன், உள்ளுணர்வு, ஒவ்வொன்றுக்கும் அகம் (தனக்குள் திரும்புவது), புறம் (வெளியே நோக்குவது) என்று இரண்டு முகம். உதாரணமாக, அகப் புலன் பழகிய அனுபவத்தைப் பற்றிக்கொள்ளும், புறப் புலன் கண்முன் நடப்பதற்கு அந்த நிமிடமே ஈடுகொடுக்கும். ஐஎஸ்டிபியின் வரிசை அகச் சிந்தனை, புறப் புலன், அக உள்ளுணர்வு, புற உணர்ச்சி. ஐஎஸ்எஃப்பிக்கு அக உணர்ச்சி, புறப் புலன், அக உள்ளுணர்வு, புறச் சிந்தனை. நடு இரண்டும் ஒன்றுதான். எனவே சண்டை முழுக்க முதலாவதிலும் நான்காவதிலும்தான். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் இந்த வகைகளை எழுதியபோது இப்படி நான்கு நான்காக அடுக்கவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் அடுக்கு எம்பிடிஐயை உருவாக்கிய இசபெல் மையர்ஸ் வழியில் பின்னால் வந்தது. ஆய்வுரீதியாக இதற்குப் பெரிய பலமும் கிடையாது. ஒரு பாத்திரத்தைக் கூர்ந்து வாசிக்க உதவும் கருவி, அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

இனி, எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பார்ப்போம். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

ஒன்று, தண்ணீர்க் கப். 13 வயதிலிருந்து விடியற்காலையில் அகினா மலை ஏறி டோஃபு டெலிவரி, கப் ஹோல்டரில் தண்ணீர் நிரம்பிய கப், ஒரு சொட்டு சிந்தக் கூடாது. "ஐந்து வருடம் ஒரே பாதை, ஒரே பழக்கம், அப்படியானால் அகப் புலன், ஐஎஸ்டிஜே (அகப் புலன் முன்னணியில் இருக்கும் வகை)" என்பார்கள். அந்தப் பழக்கத்தை உருவாக்கியது அப்பா புன்டா. வீட்டு வேலை என்று தலையில் கட்டியதைப் பையன் செய்கிறான், அவ்வளவுதான். ஒருவர்மேல் சுமத்தப்பட்ட பழக்கம் அவருடைய விருப்பத்தைக் காட்டாது. விருப்பம் தெரிய வேண்டுமானால் பழக்கம் உடையும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டு, மற்றவர்கள் பேசும் விளக்கங்கள். ஷுயிச்சி ஷிகெனோ 1995 முதல் 2013 வரை வரைந்த இந்த மாங்காவின் கதைசொல்லும் முறையே அப்படி. டகுமி ஒரு வளைவில் என்ன செய்தான் என்பதை அவன் சொல்வதில்லை. போட்டி அணியின் தலைவர் ரியோசுகேவோ ஓரமாக நிற்கும் யாரோ ஒருவரோதான் எடை மாற்றம், டயர் பிடிப்பு என்று நமக்குப் பாடம் நடத்துவார்கள். அந்த அலசலைத் தூக்கி டகுமியின் கணக்கில் வைத்து "பார், அகச் சிந்தனை" என்பது ஒரு தப்பு. அதற்கு நேர் எதிராக, "அவனால் விளக்கவே முடியவில்லை, அதனால் சிந்தனை கிடையாது" என்பது இன்னொரு தப்பு. விளக்கிச் சொல்வது வெளியே பேசும் திறமை. உள்ளே கணக்குப் போடுவது வேறு.

மூன்று, அமைதியான முகம். அது எந்தச் செயல்பாட்டுக்கும் சாட்சி ஆகாது.

இவற்றைக் கழித்த பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன செய்தான், அதற்கு அவனே சொன்ன அல்லது நினைத்த காரணம், வேறு என்ன காரணம் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு காட்சி போதும், ஆனால் பாதியாவது ரேஸுக்கு வெளியே நடப்பவையாக இருக்கட்டும். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அந்தக் காட்சியை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

புலன் அகமா புறமா என்பதை முதலில் முடியுங்கள், சுலபம். போட்டியாளன் ஷிங்கோ ஷோஜியின் இஜி6 சிவிக்குடன் (ஹோண்டா கார்) நடக்கும் கம் டேப் ரேஸை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையை ஸ்டீயரிங்கோடு டேப் போட்டுச் சுற்றிவிடுவார்கள். கையை மாற்றிப் பிடிக்க முடியாது, எனவே ஸ்டீயரிங்கைப் பெரிதாகத் திருப்பவும் முடியாது. ஐந்து வருடப் பழக்கம் அங்கே பாதி செல்லாது. அகப் புலன் முன்னணியில் இருப்பவர் இங்கே தெரிந்த முறைக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தடுமாறுவார். டகுமியும் தொடக்கத்தில் திணறுகிறான். ஆனால் ஓட்டத்தின் நடுவிலேயே, ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால் போதும், மீதியை வண்டியின் சறுக்கலே செய்யும் என்று பிடித்துவிடுகிறான். முன்மாதிரி இல்லாத நிலையில், கையில் வரும் அதிர்வை வைத்து அந்த நிமிடமே முறையை மாற்றுவது புறப் புலன். எதற்கு எது காரணம் என்று உள்ளே சோதித்து, தேவையற்ற அசைவை வெட்டியெறிவது அகச் சிந்தனை. இரண்டும் சேர்ந்து ஓடும் காட்சி என்பதால்தான் இது மற்ற ரேஸ்களைவிட உபயோகமானது.

இதற்கு மறுப்பாகப் புது எஞ்சின் பகுதியைக் காட்டுவார்கள். 11,000 ஆர்பிஎம் வரை போகும் குரூப் ஏ பந்தய எஞ்சினைப் புன்டா மாட்டிக் கொடுக்கிறார், பையனுக்கோ பழைய வண்டியே தேவலை என்று தோன்றுகிறது. பழசின்மேல் பாசம் என்றால் அகப் புலன் என்று சொல்லலாம்தான். ஆனால் அங்கே நடப்பது எளிய இயந்திர விஷயம்: பழைய எஞ்சினுக்குப் பழகிய சுழற்சியிலேயே ஓட்டுகிறான், இந்த எஞ்சினின் உயிரோ மேலே இருக்கிறது. புன்டா ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடுகிறார் என்பதையும் கவனியுங்கள். மகன் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ரகம் இல்லை, தானே குடைந்து கண்டுபிடிக்கும் ரகம் என்பது அப்பாவுக்குத் தெரியும்.

அடுத்தது உண்மையான சிக்கல்: அகச் சிந்தனையா, அக உணர்ச்சியா?

அக உணர்ச்சி தலைமையில் இருப்பவருக்கு எது தனக்கு முக்கியம் என்பது முன்பே தெரிந்திருக்கும். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கோடு எங்கே என்று தெரியும். டகுமிக்குத் தெரியவே தெரியாது. ரியோசுகேவின் தம்பி கெய்சுகேவின் எஃப்டியோடு (மாஸ்டா ஆர்எக்ஸ்-7) முதல் ரேஸுக்கு அவன் இறங்கியது எதற்காக? பள்ளித் தோழி நட்சுகியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகக் கார் வேண்டும், ஜெயித்தால் டேங்க் நிறையப் பெட்ரோல் என்று அப்பா சொல்கிறார். மானமும் இல்லை, கனவும் இல்லை, பெட்ரோல். நண்பன் இட்சுகி 'எட்டு ஆறு' (டொயோட்டா ஏஇ86) என்று உருகும் கார் தன் வீட்டு வாசலில் நிற்பதுதான் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. தனக்கு ஓட்டுவது பிடிக்கிறது என்பதே கதை பாதி நகர்ந்த பிறகுதான் மெல்ல உறைக்கிறது. ஐஎஸ்எஃப்பி இவ்வளவு தாமதமாகத் தன்னைக் கண்டுபிடிப்பதற்கு வாய்ப்புக் குறைவு.

முடிச்சை அவிழ்ப்பது நான்காவது செயல்பாடு. அது அழுத்தத்தில்தான் வெளியே வரும், வரும்போது பக்குவமில்லாமல் வரும். ஐஎஸ்எஃப்பி உடைந்தால் புறச் சிந்தனை கிளம்பும்: கடுகடுவென்று குறை சொல்வது, ஆட்களை அதட்டி வேலை வாங்குவது, எல்லாவற்றையும் கட்டுப்பாட்டில் வைக்கத் துடிப்பது. டகுமியிடம் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. ஐஎஸ்டிபி உடைந்தால் புற உணர்ச்சி பீறிடும்: நாள்கணக்கில் மரத்துப்போன முகம், பிறகு யாரோ ஒருவரின் பேச்சோ செயலோ சுட்டதும் ஒரே வெடிப்பு. நட்சுகியைப் பற்றி அசிங்கமாகப் பேசிய சீனியரை அடித்தது அப்படி. இட்சுகியின் 85ஐ (எட்டு ஆறின் வேகம் குறைந்த மாடல்) கேலி செய்தவர்களை அதே காரில், இட்சுகியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே முந்தியது அப்படி. எல்லாவற்றையும்விடப் பெரியது அகாகி மலை ரேஸ்: நட்சுகி விவகாரத்தில் கொதித்துப்போய், பழக்கமில்லாத மலையில் கியோய்ச்சி சுடோவின் எவோ 3ஐத் (மிட்சுபிஷி லான்சர்) துரத்தி எஞ்சினையே வெடிக்க விடுகிறான். வண்டியின் ஒவ்வொரு முனகலையும் கேட்கும் பையன் அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. கீழே கிடந்த செயல்பாடு மேலேறி, தலைமைச் செயல்பாட்டை வாயடைத்துவிட்ட நிலை இது.

"கோபம் வந்தாலே அக உணர்ச்சி" என்பவர்களுக்கு: கோபம் எல்லோருக்கும் வரும். எதைத் தொட்டால் வருகிறது, வந்தபின் அந்த ஆள் அதை என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. டகுமிக்குத் தன் கோபம் தனக்கே அந்நியம். வெடித்து முடித்தபின் அதைப் பற்றி அவனிடம் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

மூன்றாம் இடத்து அக உள்ளுணர்வுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். தோதோ என்ற கார் ரேஸ் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த டொமோயுகி டாச்சியைத் துரத்தும்போது ஹெட்லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் போவதைச் சிலர் இதற்குக் காட்டுவார்கள். எனக்கு அது புறப் புலனின் துணிச்சலாகவே படுகிறது. இந்தச் செயல்பாட்டை முழு வீச்சில் பார்க்க ஆசைப்பட்டால் ரியோசுகேவைப் பாருங்கள்: மருத்துவ மாணவர், லேப்டாப், 'பொதுச்சாலை வேகக் கோட்பாடு' என்று எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்கு இழுக்கும் மூளை. ஐஎன்டிஜே (அக உள்ளுணர்வு முன்னணியில் இருக்கும் வகை) என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரையும் டகுமியையும் ஒரே ரேஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருவரின் சொந்த மனக்குரலை மட்டும் குறித்துப் பாருங்கள். மாங்காவிலிருந்து செய்தால் நல்லது. அனிமேயில் பின்னணிப் பாட்டு ஏறும்போது யாருடைய எண்ணம் எது என்பது எளிதில் நழுவிவிடும்.