குளோரினுக்கு மாறுகிறீர்களா? முதல் பத்து நாள் எதையும் ஊற்றாதீர்கள்
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. சூளகிரி பக்கம் மாந்தோப்புக்குள் ஒரு சின்ன வீடு கட்டி, கூடவே நீச்சல் குளமும் கட்டினோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் சராசரியாக நாலரை அடி. குழந்தைகளுக்குக் கண் எரியும் என்று பயந்து, குளோரின் இல்லாத முறை வேண்டும் என்று கேட்டோம். கட்டிக் கொடுத்தவர் ஒரு நீல நிற திரவமும், மாதம் ஒருமுறை ஊற்ற ஹைட்ரஜன் பெராக்சைடும் கொடுத்தார். மூன்று வருடம் நன்றாக இருந்தது. இப்போது ஏணிக்குப் பின்னாலும் பைப் வாயிலும் வெள்ளையாக, ஊறிய பஞ்சு மாதிரி ஏதோ வழவழவென்று வளர்கிறது. திரவமும் விலை ஏறிவிட்டது, சமயத்துக்குக் கிடைப்பதில்லை. குளோரினுக்கே மாறிவிடலாம் என்று, சோதித்துப் பார்க்க ஒரு பக்கெட் குளத்துத் தண்ணீரில் ஒரு கை பிளீச்சிங் பவுடர் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சளாகி, பழுப்பாகி, அடியில் பிசின் மாதிரி திரிந்துவிட்டது. மொத்தக் குளமும் இப்படி ஆகிவிடுமா? என்ன செய்வது?

பதில்: நேராகக் குளத்தில் கொட்டாமல் பக்கெட்டில் போட்டுப் பார்த்தீர்களே தம்பி, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. இராயக்கோட்டை பக்கம் என் உறவுக்காரர் ஒருவர் அந்தப் பொறுமை இல்லாமல் ஒரே மாலையில் இரண்டு கேன் லிக்விட் குளோரினை (சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்) குளத்தில் ஊற்றிவிட்டார். விடியும்போது தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் நின்றது. ஃபில்டர் அடைத்து, மோட்டார் சூடாகி, பதினைந்து நாள் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக இல்லை. நானும் கூடவே இருந்து பார்த்ததால் சொல்கிறேன், இது அவசரப்பட்டால் காசையும் நேரத்தையும் தின்கிற வேலை.

உங்கள் நீல திரவம், நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பிஎச்எம்பி. பைகுவானைடு என்றும் சொல்வார்கள். கேன் லேபிளில் பாலிஹெக்ஸாமெத்திலின் பைகுவானைடு என்று போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவத்திலும் புண்ணுக்கான மருந்துகளிலும் இதையே சேர்க்கிறார்கள், அதனால் ஏமாற்றுப் பொருள் ஒன்றும் இல்லை. கிருமியைக் கொல்லும், கண்ணை உறுத்தாது. ஆனால் வியர்வை, எண்ணெய், இலைச்சாறு இதையெல்லாம் இது எரிக்காது, அதற்குத்தான் கூடவே பெராக்சைடு. வருடக்கணக்கில் இதையே போட்டுக்கொண்டிருந்தால், இதற்குப் பழகிப்போன பூஞ்சையும் பாக்டீரியாவும் பைப்புக்குள் கூடு கட்டிவிடும். நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பஞ்சு அதுதான், சில குளங்களில் ரோஸ் நிறத்திலும் வரும். மாற வேண்டும் என்ற உங்கள் முடிவு சரிதான்.

சிக்கல் என்னவென்றால், பிஎச்எம்பியும் குளோரினும் ஒரே தண்ணீரில் சேர்ந்து இருக்காது. குளோரின் அதை உடைக்க ஆரம்பிக்கும்போதுதான் அந்தப் பழுப்பும் பிசினும் வருகிறது. பெராக்சைடு இதைவிட மோசம், அதுவும் குளோரினும் ஒன்றையொன்று அழித்து உப்பும் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் போய்விடும், உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. எடையில் ஒரு பங்கு பெராக்சைடு ஏறக்குறைய இரண்டு பங்கு குளோரினைத் தின்னும். உங்கள் குளத்தில் சுமார் 43,000 லிட்டர் தண்ணீர். அதில் பெராக்சைடு 30 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) இருந்தால் அதைத் தீர்க்க மட்டுமே 60 பிபிஎம் குளோரின் வேண்டும், அதாவது 10 சதவீத லிக்விட் குளோரினில் கிட்டத்தட்ட 26 லிட்டர். அத்தனையும் வீண். அதே பெராக்சைடு வெயிலிலும் நாள்பட்டும் தானாகவே குறையும், ஒரு பைசா செலவில்லை. அதனால் இன்றிலிருந்து நீல திரவம், பெராக்சைடு இரண்டையும் நிறுத்துங்கள், மோட்டாரை ஓட விடுங்கள், சுவரைத் தினமும் பிரஷ் போட்டுத் தேயுங்கள், யாரையும் இறங்க விடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, குளம் கட்டியவர் கொடுத்த சோதனைக் கிட்டிலேயே பெராக்சைடு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

தண்ணீரை மொத்தமாக வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்பலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேலை பாதியாகக் குறையும், உண்மை. ஆனால் நம் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் காற்று மட்டும் வருகிற தோட்டங்கள் எத்தனை இருக்கின்றன! சித்திரை வெயிலில் 43,000 லிட்டரை இறைத்துக் கொட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. போரில் தண்ணீர் தாராளமாக இருந்தால் பாதியை மட்டும் மாற்றுங்கள், பிஎச்எம்பி பாதியாகிவிடும், குளோரின் செலவும் அந்த அளவுக்குக் குறையும். புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிறகு என்றால் தண்ணீர் கிடைப்பது சுலபம், ஆனால் நிலத்தடி நீர் மேலே ஏறியிருக்கும் அந்த நேரத்தில் குளத்தை முழுதாகக் காலி செய்யாதீர்கள், அடியிலிருந்து அழுத்தி தளத்தை விரிசல் விட வைத்துவிடும், குளத்தையே தூக்கினாலும் தூக்கும்.

அப்புறம் குளோரின். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், மீதி பெரும்பாலும் சுண்ணாம்பு, நம் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினம், டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைப் படிவு இன்னும் ஏறும். டிசிசிஏ (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட்) என்கிற குளோரின் மாத்திரையும் இப்போது வேண்டாம், காரணம் கீழே சொல்கிறேன். லிக்விட் குளோரின் வாங்குங்கள், புது சரக்காகப் பார்த்து வாங்கி நிழலில் வையுங்கள், வெயிலில் கிடந்தால் சில வாரங்களிலேயே வலு போய்விடும். உங்கள் குளத்துக்கு 1 பிபிஎம் ஏற 10 சதவீத திரவம் 430 மில்லி வேண்டும்.

பிஎச் அளவை, அதாவது தண்ணீரின் அமில-கார அளவை, முதலிலேயே 7.2-லிருந்து 7.5-க்குள் கொண்டுவந்துவிடுங்கள், ஏனென்றால் குளோரின் 10 பிபிஎம் தாண்டினால் பிஎச் சொட்டு மருந்து பொய் சொல்லும். பிறகு ஒரு நாள் வெயில் தாழ்ந்ததும் ஆறரை லிட்டர் ஊற்றுங்கள், அது 15 பிபிஎம். மோட்டார் நிற்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் அளந்தால் அநேகமாக எதுவும் இருக்காது, திரும்ப அதே அளவுக்கு ஏற்றுங்கள். முதல் நாள் இப்படி மணிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருக்கும், அதனால் வீட்டில் இன்னொருவர் துணைக்கு இருப்பது நல்லது. தண்ணீர் பச்சையாகும், பழுப்பாகும், அப்புறம் பால் கலந்த மாதிரி ஆகும். பழுப்பைப் பார்த்ததும் கை நடுங்கி நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், அங்கே நிறுத்தினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பால் நிறம் வந்துவிட்டால் பாதிக்கு மேல் முடிந்தது என்று அர்த்தம். சில குளம் நாலைந்து நாளில் தெளியும், சிலது இரண்டு வாரம் இழுக்கும்.

அளக்கிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இளஞ்சிவப்பு வருகிற மாத்திரை கிட்டில் குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறமே வெளுத்து, குளோரின் இல்லாத மாதிரி காட்டும். ஒரு பங்கு குளத்துத் தண்ணீரில் ஒன்பது பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து அளந்து, வருவதைப் பத்தால் பெருக்குங்கள். இல்லையென்றால், பொடி போட்டு இளஞ்சிவப்பாக்கி, நிறம் மறையும்வரை சொட்டுகளை எண்ணுகிற கிட் வாங்கினால் கணக்கு துல்லியமாக வரும்.

ஃபில்டரில் அழுத்தம், சுத்தமாக இருக்கும்போது காட்டும் அளவைவிட கால் பங்கு கூடியதும் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த் திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுங்கள். விளக்கு பதித்த குழி, ஏணிக் குழாய்க்குள், ஸ்கிம்மர் (மிதக்கும் குப்பையை இழுக்கும் வாய்) மூடிக்கு அடியில் எல்லாம் பிரஷ் விட்டுத் தேயுங்கள், அந்தப் பஞ்சு ஒளிகிற இடம் அதுதான். ஃபில்டர் மணலைக் கடைசியில் மாற்றுங்கள். முதலிலேயே புது மணல் போட்டவர்கள் இரண்டாவது தடவையும் போட்டிருக்கிறார்கள், ஏனென்றால் உடைந்த பிசின் முழுக்க அங்கேதான் போய்ச் சேரும்.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? தண்ணீர் தெளிந்தது மட்டும் போதாது. இரவு இருட்டியதும் ஒருமுறை அளங்கள், மறுநாள் வெயில் விழுமுன் ஒருமுறை அளங்கள். இரண்டு அளவுக்கும் இடையில் குளோரின் 1 பிபிஎம்முக்கு மேல் குறையவில்லை என்றால் உள்ளே தின்பதற்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகு சயனூரிக் ஆசிட் 1.3 கிலோவை ஒரு பழைய சாக்ஸில் கட்டி, தண்ணீர் திரும்பி வரும் துளைக்கு முன்னால் தொங்கவிடுங்கள், 30 பிபிஎம் வரும், வெயில் குளோரினைத் தின்னாமல் காக்கும். டிசிசிஏ மாத்திரையில் இந்த ஆசிட் ஏற்கெனவே இருக்கிறது, 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம் கூடவே சேரும், அது தண்ணீரை விட்டுப் போகாது, அளவு மீறினால் குளோரினின் வேகமே மந்தமாகிவிடும். அதனால்தான் மாறுகிற நாட்களில் வேண்டாம் என்றேன். வழக்கமான நாட்களில் குளோரின் 3-லிருந்து 4 பிபிஎம் போதும், அந்த அளவுக்கு இறங்கிய பிறகு குழந்தைகளை விடுங்கள்.

மீந்துபோன நீல திரவத்தையும் பெராக்சைடையும் குளோரின் வைக்கிற அறையில் வைக்காதீர்கள். ஒரே மக், ஒரே புனல் கூடாது. குளோரினில் ஆசிட் தெறித்தால் நச்சு வாயு வரும், மூடிய மோட்டார் ரூமில் ஒரு மூச்சு போதும், ஆளைச் சாய்த்துவிடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் தயவுசெய்து யாரும் கவனக்குறைவாக இருக்காதீர்கள்.

கேள்வி: குளோரினுக்கு மாறினால் என் பேரனுக்குக் கண் சிவக்குமே ஐயா? (காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பாட்டி)

பதில்: அம்மா, கண்ணை எரிப்பது பெரும்பாலும் குளோரின் அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமைன் என்ற பொருள்தான் எரிக்கிறது. மூக்கைத் துளைக்கிற அந்த ‘குளோரின் வாடை’யும் அதனுடையதே, அதனால் வாடை அடிக்கிற குளத்தில் குளோரின் கூடுதலாக இருக்கிறது என்று நினைத்துக் குறைத்துவிடாதீர்கள், பல சமயம் அங்கே குளோரின் பற்றாக்குறைதான். பேரனைச் சோப்புப் போட்டுக் குளிக்க வைத்து, ஒன்றுக்குப் போய்வரச் சொல்லி, அப்புறம் இறக்குங்கள். பிஎச் 7.2-லிருந்து 7.6-க்குள் இருக்கட்டும். ஒரு நீச்சல் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். குளோரின் போட்டால் அது போய்விடுமா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: போகாது. பெயர் காதுக்கு ஒன்று போல் கேட்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். குளோரின் கிருமியைக் கொல்லும், ஃப்ளோரைடைத் தொடக்கூடச் செய்யாது, கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிக் குடித்துப் பல் கறை படிந்தவர்களையும் முட்டி மடங்காதவர்களையும் நம் மாவட்டத்தில் பார்க்காத ஊர் இல்லை. குளிப்பதாலும் நீந்துவதாலும் அந்தப் பாதிப்பு வராது, தண்ணீரை விழுங்காமல் இருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது குடிப்பதற்கும் சமைப்பதற்கும்தான், அந்தக் குழாயில் குளத்தை நிரப்ப நினைக்காதீர்கள், வரிசையின் கடைசியில் ஒரு ஊர் காத்திருக்கிறது.

கேள்வி: குளத்திலிருந்து எடுத்த பாதித் தண்ணீரை மாமரத்துக்கு விடலாமா? காலி நீல கேன்களைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? (முதல் கேள்வி கேட்டவரே பின்னர் அனுப்பியது)

பதில்: ஏரிக்கோ ஓடைக்கோ கிணற்றுக்கோ மட்டும் விடாதீர்கள், பிஎச்எம்பி மீனுக்கும் தண்ணீரில் வாழும் சின்ன உயிர்களுக்கும் கடுமையான விஷம். மாமரம் உப்பைத் தாங்காத மரம், உங்கள் பெங்களூரா ரக மாமரங்களின் அடியில் விடாமல், எதுவும் பயிரிடாத மேட்டு நிலத்தில், ஒரே இடத்தில் தேங்காதபடி நாலைந்து நாளாகப் பரப்பி விடுங்கள். கேன் விஷயத்தில் மனம் இளகிவிடாதீர்கள் தம்பி. கேட்கிறவர்கள் குடிதண்ணீர் பிடித்து வைக்கத்தான் கேட்பார்கள், எவ்வளவு கழுவினாலும் உள்ளே ஒட்டியிருப்பது போனதா என்று கண்ணால் பார்க்க முடியாது. அடியில் நாலு ஓட்டை போட்டுவிட்டுப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புங்கள், அவர்களுக்கு இரண்டு புதுக் குடம் வாங்கிக் கொடுங்கள்.