பாசிக்குள் வீச ஒரு ஹெவி ராடு, கையில் அளவான பணம்: எதில் காசைப் போடுவது?

கேள்வி: ஒன்றரை வருடமாக ஸ்பின்னிங் ராடு வைத்து மீன் பிடிக்கிறேன். இப்போது பாசியும் தாமரை இலையும் மூடிக் கிடக்கும் இடங்களில் 15 கிராம் தவளை லூரும் (செயற்கை இரை), திறந்த தண்ணீரில் 40 கிராம் வரையுள்ள பெரிய லூர்களும் வீச ஆசை. ஒரே ஒரு பெய்ட் காஸ்டிங் (ரீல் ராடின் மேல்பக்கம் உட்காரும் வகை) ராடும் ரீலும்தான் வாங்க முடியும். "எக்ஸ்ட்ரா ஹெவியாக வாங்கு, எதையும் தாங்கும்" என்கிறார் நண்பர். 13+1 பேரிங், 10 கிலோ டிராக் (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் பிடி) என்று போட்ட ஒரு மலிவான ரீலையும் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கலாமா?

பதில்: அந்த ரீலை வாங்க வேண்டாம். நண்பர் சொன்ன எக்ஸ்ட்ரா ஹெவியும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ராடு வாங்கப் போகும் எல்லோரும் மனதில் ஒரு பெரிய மீனை வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். அந்த மீன் வருவது எப்போதாவது ஒரு நாள். லூரை வீசுவதோ ஒரு நாளைக்கு இருநூறு முறை. அதனால் மீனின் எடையை மறந்துவிட்டு லூரின் எடையைப் பாருங்கள். ராடின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் இரண்டு கணக்கு அச்சிட்டிருப்பார்கள்: லூர் எடை, லைன் பலம். 'ஹெவி' என்ற சொல்லைவிட அந்த எண்கள்தான் முக்கியம். ஹெவி, மீடியம் ஹெவி என்பதற்கெல்லாம் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஹெவி இன்னொரு கம்பெனியின் மீடியம் ஹெவியைவிட மெத்தென்று இருக்கும்.

உங்களுக்கு வேண்டியது ½ முதல் 1½ அவுன்ஸ், அதாவது 14 முதல் 42 கிராம் வரை எழுதியிருக்கும் ராடு. உங்கள் தவளை அதன் கீழ் எல்லையை ஒட்டி இருக்கிறது, பெரிய லூர் மேல் எல்லையை ஒட்டி இருக்கிறது. ஒரே ராடு என்று முடிவு செய்த பிறகு இதைவிட நல்ல சமரசம் கிடையாது. எக்ஸ்ட்ரா ஹெவியில் 15 கிராம் தவளையைக் கட்டி வீசினால் ராடு வளையவே வளையாது. வளைந்து நிமிரும்போதுதான் அது லூரைத் தள்ளிவிடுகிறது. வளையாத ராடு வெறும் கம்பு. நாள் முழுக்கத் தோளை வலிக்க வீசியும் தவளை பத்துப் பதினைந்து மீட்டரில் தொப்பென்று விழும். நாளைக்கு ஆசைப்பட்டு 60 கிராம் லூர் வாங்கினால் இந்த ராடில் முழு வேகத்தில் வீசாதீர்கள். அதற்கென்று தனி ராடு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீளம் 7 அடியிலிருந்து 7½ அடிக்குள் இருக்கட்டும். ஆக்‌ஷன் 'ஃபாஸ்ட்' போதும். நுனிப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு வளைந்து, அடிப்பக்கம் விறைப்பாக இருக்கும் ராடு அது. இலைக்குள் தவளையைக் கவ்விய மீனை உடனே தலையைத் திருப்பி வெளியே இழுக்க அந்த விறைப்பு வேண்டும்.

அடுத்து, காசை எப்படிப் பிரிப்பது? மெல்லிய லூரைத் தரையில் உருட்டி, சின்னக் கொத்தையும் விரலில் உணர வேண்டிய மீன்பிடிப்பில் நான் ராடுக்குத்தான் அதிகம் செலவு செய்யச் சொல்வேன். உங்கள் வேலை வேறு. தவளையை மீன் கவ்வுவது கண்ணுக்கே தெரியும், சத்தமும் கேட்கும். நுண்ணிய உணர்வுக்குக் காசு கொடுத்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பத்தில் ஐந்தரை பங்கு ரீலுக்கு, மூன்று பங்கு ராடுக்கு, மிச்சம் லைனுக்கு. நானாக இருந்தால் இப்படித்தான் பிரிப்பேன். ராடும் ரீலும் சேர்ந்த காம்போ செட்டில் ராடு பெரும்பாலும் பரவாயில்லாமல் இருக்கும், மட்டமாக இருப்பது ரீல்தான். உங்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.

ரீலுக்கு வருவோம். 13+1 என்பதில் அந்த '+1' கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் ஒருவழி பேரிங். மீதி 13-இல் உண்மையிலேயே வேலை செய்பவை நாலைந்துதான்: லைன் சுற்றும் உருளையான ஸ்பூலின் இரு பக்கமும், அதைச் சுழற்றும் பினியன் கியரிலும், கைப்பிடித் தண்டிலும் இருப்பவை. மற்றவை கைப்பிடிக் குமிழுக்குள்ளும் சும்மா இருக்கும் மூலைகளிலும் எண்ணிக்கைக்காகச் செருகியவை. நல்ல பேரிங் நாலு உள்ள ரீல், மட்டமான பேரிங் பதின்மூன்று உள்ளதைவிட எவ்வளவோ மேல். நானும் ஆரம்பத்தில் எண்ணைப் பார்த்து ஏமாந்தவன்தான். நான் வாங்கிய முதல் ரீல் கடையில் சுற்றியபோது பட்டுப் போல ஓடியது. மூன்றாம் மாதம் பாசிக் கொத்தோடு ஒரு மீனை இழுக்கும்போது உள்ளே 'கரக் கரக்' என்று அரைத்தது. திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் சட்டம் நெளிந்து, கியர்ப் பற்கள் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தன.

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது சட்டத்தைத்தான். ஹெவி வேலைக்கு அலுமினியச் சட்டம் வேண்டும். 'கிராஃபைட் பாடி' என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் வலுவூட்டிய பிளாஸ்டிக்தான். எடை குறைவு, துருப்பிடிக்காது, ஆனால் பெரிய இழுப்பில் நெளியும். சட்டம் நெளிந்தால் கியர் நேராகப் பொருந்தாது. அடுத்தது மெயின் கியர். பித்தளையாக இருந்தால் நல்லது. அலுமினிய கியர் லேசானது, சீக்கிரம் தேயும். பக்கத்து மூடிகள் பிளாஸ்டிக்காக இருந்தால் பரவாயில்லை, கவலைப்படாதீர்கள்.

10 கிலோ டிராக் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். லைனின் நுனியை ஒரு ஸ்பிரிங் தராசில் கட்டி, தராசை வேலியிலோ மரத்திலோ மாட்டி, மீனோடு மல்லுக்கட்டுகிற மாதிரி ராடை வளைத்து இழுத்துப் பாருங்கள். முள் 3 கிலோவைத் தொடும்போதே மணிக்கட்டு நடுங்கும். 4 கிலோ என்றால் இரண்டு கையும் வேண்டும். பத்து கிலோவை ராடை வளைத்துப் பிடித்து நிற்கும் மனிதரை நான் பார்த்ததில்லை. உண்மையான 5, 6 கிலோ டிராக், அதுவும் கார்பன் வாஷரோடு, விட்டு விட்டு இழுக்காமல் வழுவழுவென்று லைனை விட்டால் உங்களுக்கு அது போதும். பாசிக்குள் எப்படியும் டிராக்கை இறுக்கித்தான் வைப்போம். திறந்த தண்ணீரில் லைன் பலத்தில் கால் பங்குக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கியர் விகிதத்தில் 7:1-ஐ ஒட்டி எடுங்கள். கவ்விய மீன் அடியில் புகுமுன் தளர்ந்த லைனைச் சுருட்ட வேகம் வேண்டும். ஆனால் விகிதம் மட்டுமே வேகம் இல்லை, ஸ்பூலின் விட்டமும் சேர்ந்ததுதான். 36 மி.மீ. ஸ்பூலில் 6.3:1 என்றால் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றும்போது சுமார் 71 செ.மீ. லைன் வரும். 43 மி.மீ. ஸ்பூலில் 5.3:1 இருந்தாலும் அதே 71 செ.மீ.தான். அதனால் பெட்டியில் 'ஒரு சுற்றுக்கு இவ்வளவு' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 75 செ.மீ. அருகில் இருந்தால் உங்கள் இரண்டு வேலைக்கும் சரி. பெரிய லூரை இழுக்கும்போது கை வலித்தால் நீளமான கைப்பிடி ஒன்றைப் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்பின்னிங்கிலிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம், பெய்ட் காஸ்டிங் ரீலில் முடியாது. இடக்கை ரீல் இடக்கைக்குத்தான், வலக்கை ரீல் வலக்கைக்குத்தான். எந்தக் கையால் இவ்வளவு நாள் சுற்றினீர்களோ அதே பக்கம் வாங்குங்கள். சலுகை விலைக்குக் கிடைக்கிறதே என்று மறுபக்கம் வாங்கி ஆறு மாதம் தடுமாறியவர்களை எனக்குத் தெரியும்.

பிரேக் விஷயத்தில் புதியவருக்கு வெளியில் திருகுவட்டு உள்ள காந்த பிரேக் சுலபம். ஸ்பூல் லூரைவிட வேகமாகச் சுழலும்போதுதான் லைன் புடைத்துக்கொண்டு குருவிக்கூடாகிறது. லூரை மாற்றும்போதெல்லாம் வெளியிலிருந்தே பிரேக்கைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு உங்கள் கட்டைவிரல்தான் பொறுப்பு.

ராடுக்கு ஒதுக்கிய மூன்று பங்கில் என்ன பார்ப்பது? கார்பன் எத்தனை டன் (கார்பன் இழையின் விறைப்பைச் சொல்லும் எண்) என்ற பேச்சை விடுங்கள். டன் ஏற ஏற எடை குறையும், விறைப்பு கூடும், கூடவே படகு விளிம்பில் இடித்தால் விரியும் ஆபத்தும் கூடும். கிளாஸ் ஃபைபர் கலந்த ராடு கொஞ்சம் கனமாக இருந்தாலும் முரட்டுத்தனத்தைத் தாங்கும். வளையங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பாருங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றுங்கள்; பஞ்சு நூல் எங்காவது மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, அது உங்கள் பிரெய்டு (பின்னல் நூல்) லைனை அறுத்துவிடும். பிறகு லைனை எல்லா வளையத்திலும் கோத்து, நுனியை நண்பரிடம் கொடுத்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். இந்த வகையில் ரீலும் வளையங்களும் மேல்பக்கம் இருப்பதால், வளையங்கள் போதாத ராடில் லைன் வளையங்களுக்கு இடையே ராடின் உடம்பில் உரசும். உரசினால் அந்த ராடைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

பழைய ரீல் கிடைத்தால் தயங்காதீர்கள். நல்ல கம்பெனியின் அலுமினிய ரீலைப் பாதி விலைக்கு வாங்குவது புதிய மட்டமான ரீலைவிடப் புத்திசாலித்தனம். கைப்பிடியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், அசைந்து கொடுக்கக் கூடாது. டிராக்கை இறுக்கி லைனைக் கையில் இழுத்துக்கொண்டே சுற்றிப் பாருங்கள். சும்மா சுற்றும்போது ஒளிந்திருக்கும் அரைப்பு அப்போது கையில் தெரியும். லைனைப் பக்கவாட்டில் பரப்பும் லெவல் வைண்டு திக்கித் திக்கி நகர்ந்தால் பயப்பட வேண்டாம், அதிலுள்ள சின்னப் பற்கட்டையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூடிக்கு அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் மட்டும் வேண்டாம். உப்புத் தண்ணீர் பட்டுக் கழுவாமல் வைத்த ரீல் அது.

கடைசியாக லைன். 50 பவுண்டு பிரெய்டு போடுங்கள். அதைவிட ரொம்ப மெல்லியது இறுக்கமான இழுப்பில் ஸ்பூலில் உள்ள சுற்றுகளுக்குள் புதைந்து, அடுத்த வீச்சில் திடீரென்று பிடித்துக்கொள்ளும். பிரெய்டை நேராக ஸ்பூலில் கட்டினால் மொத்தமும் வழுக்கிச் சுழலும். முதலில் பழைய நைலான் நரம்பைப் பாதி ஸ்பூல் வரை சுற்றி, அதன் மேல் 70 மீட்டர் பிரெய்டு சுற்றினால் போதும், நீங்கள் அதற்கு மேல் வீசப் போவதில்லை. ஒரு வருடம் கழித்து மேல்பகுதி வெளுத்து நார் நாராக ஆனதும் அப்படியே உருவித் தலைகீழாகச் சுற்றுங்கள். புதிது போன்ற மறுமுனை மேலே வந்துவிடும். விளிம்புவரை நிரப்பாமல் 2, 3 மி.மீ. விட்டு நிறுத்துங்கள்.

முதல் நாளே தண்ணீருக்குப் போகாதீர்கள். முள் இல்லாத 20 கிராம் ஈயக்கட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு புல்தரைக்குப் போங்கள். ராடைக் கிடையாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கும் பட்டனை அமுக்கி, கட்டி மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கிற அளவுக்குக் கைப்பிடிப் பக்கம் உள்ள சின்னக் குமிழை இறுக்குங்கள். காந்த பிரேக்கை முக்கால்வாசி வையுங்கள். வலுவாக வேண்டாம், இருபது மீட்டர் போதும் என்று வீசுங்கள். கட்டி தரையில் விழும் நொடிக்குச் சற்று முன்னால் கட்டைவிரலால் ஸ்பூலை அமுக்குங்கள். பத்து வீச்சு சிக்கில்லாமல் போனால் பிரேக்கை ஒரு படி குறையுங்கள்.

அப்படியும் குருவிக்கூடு வரும். நரம்பை வெடுக்கென்று இழுக்காமல், ஸ்பூலைக் கட்டைவிரலால் இறுக்கி அமுக்கிக்கொண்டு கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றி, பிறகு மெதுவாக உருவுங்கள். முக்கால்வாசிச் சிக்கு அதிலேயே அவிழ்ந்துவிடும்.